சட்டைப்பையில் ஒரு நல்ல கேமரா: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் புகைப்படம் தொழில் இல்லை. திருவல்லிக்கேணியில் வீடு, கிண்டியில் வேலை, ஞாயிறு காலையில் கேமராவோடு ஒரு நடை. 2015-இல் தொடங்கி மூன்று கேமராக்கள் கைக்கு வந்திருக்கின்றன: சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பு, ரிக்கோ ஜிஆர் 3, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100வி. மூன்றுமே லென்ஸைக் கழற்ற முடியாத சின்னக் கேமராக்கள். கல்யாண வீட்டிலும் அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும் ஞாயிறு நடையிலும் ஒரே சந்தேகங்கள் வந்துகொண்டே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

சின்ன கேமரான்னா அந்தக் காலத்து டிஜிட்டல் கேமரா மாதிரிதானே சார்? அதுக்கு எதுக்கு இவ்வளவு விலை?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். வித்தியாசம் உள்ளே இருக்கும் சென்சாரில், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லில். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் எல்லா வீட்டிலும் இருந்த சின்னக் கேமராவின் சென்சார் சுமார் 6 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. உயரம். பரப்பு 28 சதுர மி.மீ. ஆர்எக்ஸ்100-இல் அது 13.2 × 8.8 மி.மீ., அதாவது நான்கு மடங்கு. ஜிஆர், எக்ஸ்100 இரண்டிலும் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், சுமார் 23.5 × 15.6 மி.மீ. அது பதின்மூன்று மடங்கு. பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களில், அதாவது லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்களில் இருப்பதும் இதே அளவுதான். அதைச் சட்டைப்பைக்குள் அடக்கி, அதற்கேற்ற லென்ஸையும் தட்டையாகச் செய்வதற்குத்தான் அந்த விலை.

மலிவான சின்னக் கேமராக்களைப் போன் விழுங்கிவிட்டது. 2010-இல் உலகம் முழுக்க லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்கள் பத்துக் கோடிக்கும் மேல் அனுப்பப்பட்டன. 2023-இல் அது இருபது லட்சத்தைத் தொடவில்லை. இன்று மிஞ்சி நிற்பவற்றில் பல, போன் தர முடியாததைத் தருவதற்காகவே செய்யப்படுபவை.

போன்லயே சூப்பரா வருதேண்ணா, அப்புறம் எதுக்கு தனியா ஒண்ணு?

போனில் எடுத்து போனிலேயே பார்த்து அனுப்புவதோடு உங்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது என்றால் வாங்க வேண்டாம். வீடியோவுக்கும், வெயிலும் நிழலும் கலந்த காட்சிக்கும் போன் பல சமயம் இந்தக் கேமராக்களைவிடச் சுலபமாக நல்ல படம் தரும்.

நான் வாங்கியது வேறு காரணத்துக்காக. மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது ஊரில் ஆச்சி வீட்டுக் கூடத்தில், ஒரே ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில், இருவரும் பல்லாங்குழி ஆடுவதைப் போனில் எடுத்தேன். போன் திரையில் நன்றாகவே இருந்தது. 12 × 18 அங்குலத்தில் பிரின்ட் போட்டபோது ஆச்சியின் முகச் சுருக்கங்கள் மெழுகு பூசியதுபோல வழவழவென்று ஆகியிருந்தன. போன் இருட்டில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது, புள்ளி புள்ளியாக விழும் இரைச்சலைத் துடைக்கிறது. சிறிய சென்சாருக்கு அதுதான் வழி. துடைக்கும்போது தோலின் இழையும் போய்விடுகிறது. அந்தச் சுருக்கங்கள்தான் எனக்கு வேண்டியிருந்தன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆர்எக்ஸ்100 கையில் இருந்தது. அப்போது எடுத்த ஆச்சி படம்தான் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

'1 இன்ச் சென்சார்'னு போட்டிருக்கே, ஸ்கேல் வச்சு அளந்தா ஒரு இன்ச் வருமா?

வராது. மூலைக்கு மூலை அளந்தாலும் சுமார் 16 மி.மீ.தான், ஒரு அங்குலம் என்பது 25.4 மி.மீ. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துப் பெயர் சொல்லும் வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது அங்குலப் பெயரை விட்டுவிட்டு, மேலே சொன்னதுபோல நீள அகலத்தை மி.மீ.-இல் பாருங்கள்.

சரி, மூணுல எதை வாங்கலாம்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்வதென்றால்: கோணம். மெகாபிக்சலையும் பிராண்டையும் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் கண் எவ்வளவு அகலமாகப் பார்க்கப் பழகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லென்ஸை மாற்ற முடியாத கேமராவில் நீங்கள் வாங்குவது ஒரு கோணத்தைத்தான். ஜிஆர் 3-இன் கோணம் பழைய ஃபிலிம் கணக்கில் 28 மி.மீ. (இந்த எண் குறையக் குறையக் கோணம் அகலும்). தெருவையும் ஆளையும் சேர்த்துப் பிடிக்கும், அகலமானது. எக்ஸ்100 வரிசை 2011-இல் வந்த முதல் மாடலிலிருந்து இன்றுவரை 35 மி.மீ. அறைக்குள் இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசும் தூரம் அது. 2021-இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் 40 மி.மீ.; ஒரு முகம், ஒரு கை, ஒரு கதவு என்று பொறுக்கியெடுத்துப் பார்ப்பவர்களுக்கு. ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பில் 24 முதல் 70 மி.மீ. வரை ஜூம்.

இதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 மி.மீ. கோணம். உங்கள் போனில் உங்களுக்கே பிடித்த ஐம்பது படங்களை எடுத்துப் பாருங்கள். வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறீர்களா, ஓரங்களை வெட்டியிருக்கிறீர்களா? வெட்டாதவர் 28-க்குப் போகலாம். ஓரத்தைக் கொஞ்சம் வெட்டுபவருக்கு 35. பாதிக்குப் பாதி வெட்டுபவருக்கு 40-உம் போதாது, ஜூம் உள்ளதை வாங்குங்கள்.

எடையையும் கவனியுங்கள். ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம், ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பு 290, எக்ஸ்100வி 478. முதல் இரண்டும் சட்டைப்பையில் அடங்கும். மூன்றாவது அடங்காது, அதற்குத் தோள்பை வேண்டும். எக்ஸ்100-ஐச் சட்டைப்பைக் கேமரா என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

ஜூமே இல்லாம எப்படி சார் காலம் தள்றீங்க?

முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா அன்று ஜிஆரை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். வடக்கு மாட வீதியில், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பல்லக்குகளைக் குறிவைத்து அறுபது எழுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் தலைகள், தூரத்தில் பூமாலை ஒரு புள்ளி. ஒன்றும் தேறவில்லை.

அடுத்த வருடம் பல்லக்கை விட்டுவிட்டேன். நீர்மோர் பந்தலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையெட்டும் தூரத்தில் ஒரு பாட்டி டம்ளரை அண்ணாந்து குடிக்கிறார், அவர் இடுப்பைப் பிடித்தபடி ஒரு பேரன், இருவருக்கும் பின்னால் வீதி முழுக்கக் கூட்டம், கூட்டத்துக்கு மேலே ஒரு பல்லக்கின் குடை. 28 மி.மீ. கோணம் வேலை செய்வது அந்தத் தூரத்தில்தான். ஒன்றரை மீட்டருக்குள் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவருக்குப் பின்னால் ஊர் இருக்க வேண்டும். எந்தப் படம் தன்னால் முடியும் என்பதைக் கேமரா முன்கூட்டியே சொல்லிவிடுவதால் எங்கே நிற்பது என்பதும் தெளிவாகிவிடுகிறது. எனக்கு அது பெரிய நிம்மதி.

அவசரத்துக்கு, கேமராவே நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தரும் வசதியும் உண்டு. ஜிஆர் 3-இன் 24 மெகாபிக்சலில் 35 மி.மீ. வெட்டு 15 மெகாபிக்சல் தரும், 50 மி.மீ. வெட்டு 7 தரும். முதலாவதைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். இரண்டாவதைப் பெரிய பிரின்டுக்கு நம்புவதில்லை.

பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?

தரச்சோதனைக் கணக்குப்படி ஜிஆர் 3-க்கு ஒரு சார்ஜில் சுமார் 200 படம். ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்புக்கு 320. எக்ஸ்100வி-க்கு, கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலான வியூஃபைண்டரை மின்திரையாகப் பயன்படுத்தினால் 350, கண்ணாடியாகப் பயன்படுத்தினால் 420. ஜிஆர் வாங்குபவர் கூடவே இரண்டாவது பேட்டரியையும் வாங்கிவிட வேண்டும். விரலளவு பேட்டரிதான், பாக்கெட்டில் கனமே தெரியாது.

வெயில்ல ஸ்க்ரீன் ஒண்ணும் தெரியலியே, வியூஃபைண்டர் இல்லாததை வாங்கலாமா?

மெரினாவில் காலை எட்டு மணிக்கு மேல் எந்தத் திரையும் ஒழுங்காகத் தெரியாது. ஜிஆரில் வியூஃபைண்டர் இல்லை. ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பில் சின்னதாக ஒன்று மேலே எழும்பி வரும். எக்ஸ்100-இன் தனிச்சிறப்பே வியூஃபைண்டர்தான்: ஒரு நெம்புகோலைத் தள்ளினால் கண்ணாடி வழியே நேராகப் பார்க்கலாம், திரும்பத் தள்ளினால் மின்திரை. கண்ணாடி வழியே பார்க்கும்போது படச் சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும். ஒருவர் சட்டத்துக்குள் நுழையப்போகிறார் என்பது அரை நொடி முன்பே தெரிந்துவிடும்.

படிக்கும் கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் வயதில் திரையைவிட வியூஃபைண்டர் மிகவும் சௌகரியம், அதிலுள்ள சின்ன அமைப்பை நகர்த்தி உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். என் அப்பாவுக்கு ஆர்எக்ஸ்100-ஐக் கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

பின்னாடி மங்கலா, அந்த 'போர்ட்ரைட்' மாதிரி வருமா மாமா?

கொஞ்சம் வரும். எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கணக்கு: லென்ஸின் உண்மையான குவிய நீளத்தை (ஃபிலிம் கணக்கில் சொல்லும் மி.மீ. அல்ல) எஃப்/2.8, எஃப்/8 என்று எழுதும் எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். ஒரே ஆளைச் சட்டத்துக்குள் ஒரே அளவில் நிற்கவைத்து, பின்னணி வெகுதூரத்தில் இருந்தால், மங்கலை முடிவுசெய்வது பெரும்பாலும் அந்த விட்டம்தான். ஜிஆர் 3: 18.3-ஐ 2.8-ஆல் வகுத்தால் 6.5 மி.மீ. ஜிஆர் 3எக்ஸ்: 26.1-ஐ 2.8-ஆல், 9.3. ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பை முழுக்க ஜூம் செய்தால் சுமார் 9. எக்ஸ்100வி: 23-ஐ 2-ஆல், 11.5. டிஎஸ்எல்ஆர்காரர்கள் வைத்திருக்கும் சாதாரண 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்கு இதே கணக்கில் கிட்டத்தட்ட 28.

ஆகவே பின்னணியைக் கரைப்பதுதான் உங்கள் ஆசை என்றால் அந்த 50 மி.மீ. லென்ஸே நல்லது, செலவும் குறைவு. எக்ஸ்100-இல் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால் பின்னணி மென்மையாகும், ஆனால் அது என்ன இடம் என்று தெரியும். எனக்கு அதுவே பிடிக்கிறது.

ஓடுற புள்ளைங்களை எடுத்தா ஃபோகஸ் தப்பிப் போகுது. ஜிஆர்ல ஏதோ 'ஸ்நாப்'னு சொல்றாங்களே, அது என்ன?

கேமரா ஃபோகஸைத் தேடவே தேடாமல், நீங்கள் முன்பே சொல்லிவைத்த தூரத்துக்குப் போய் உடனே எடுப்பது. ஷட்டர் பொத்தானை ஒரே மூச்சில் கடைசிவரை அழுத்தினால் போதும். நான் வைத்திருப்பது 2.5 மீட்டர், எஃப்/8. 18.3 மி.மீ. லென்ஸில் இந்த அமைப்புக்கு ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து கண்ணெட்டும் தூரம்வரை எல்லாம் கூர்மையாக வரும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கீழே போகாமல் வைத்து, ஐஎஸ்ஓ-வை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, தானியங்கியில் விடுங்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளை இப்படித்தான் எடுக்கிறேன்.

மாலை மங்கியதும் இந்த வித்தை எடுபடாது. எஃப்/8-இல் ஐஎஸ்ஓ எகிறிவிடும், எஃப்/2.8-க்குத் திறந்தால் கூர்மையாக இருக்கும் தூரம் சுருங்கிவிடும். அப்போது உங்கள் கண் 2 மீட்டரைச் சரியாக மதிப்பிட வேண்டும். நான் வீட்டுக் கூடத்தில் தரையோடுகளை எண்ணிப் பழகினேன். எங்கள் வீட்டு ஓடு இரண்டடி. மூன்றேகால் ஓடு என்றால் இரண்டு மீட்டர். இந்தக் கணக்கெல்லாம் 28 மி.மீ. கோணத்துக்கு. ஜிஆர் 3எக்ஸ்-இல் கூர்மையான தூரம் பாதிக்கும் குறைவாகிவிடும்.

கறுப்பா இருக்கறவங்க முகம் இருட்டடிச்சுப் போகுது, இல்லன்னா வேட்டி வெளுத்துப் போகுது. கேமரா கோளாறா?

கோளாறு இல்லை. கேமராவின் ஒளி அளவீடு தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர் சட்டத்தை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுபோகும். ஒரு கரிய முகம் சட்டத்தை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டும், அந்தத் தோல் சாம்பல் பூத்ததுபோல வெளிறிப்போகும். இரண்டாவது தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நம் ஆட்களின் தோல் நிறம் செழிப்பானது. அதை வெளுக்கவைத்துக் காட்டும் படத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

மூன்று கேமராக்களிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு விரலெட்டும் இடத்திலேயே இருக்கிறது. முகம் மட்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப்வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). உச்சி வெயிலில் வேட்டியும் முகமும் சேர்ந்து வந்தால் வேட்டி வெளுக்காத அளவுக்கு வைத்து, ரா கோப்பாக (கேமரா சுருக்காமல், மெருகேற்றாமல் தரும் கோப்பு) எடுத்து, வீட்டில் முகத்தை மட்டும் தூக்கிக்கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரின் ரா கோப்பு இரண்டு ஸ்டாப் தூக்கினாலும் தாங்கும். கேமரா சுருக்கித் தரும் சாதாரண ஜேபெக் கோப்பில் அவ்வளவு இடம் இல்லை.

மத்தியானக் கல்யாணத்துல முகத்துல நிழல் விழுது. சின்ன கேமராவுல ஃப்ளாஷ் போட்டு என்ன ஆகப்போகுது?

இங்கேதான் சின்னக் கேமரா பெரியதை ஜெயிக்கும். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் ஷட்டர் சென்சாருக்கு முன்னால் திரைபோல ஓடுகிறது. 1/200, 1/250-க்கு மேல் போனால் சாதாரண ஃப்ளாஷ் ஒளி படத்தின் ஒரு பகுதியில்தான் விழும். இந்த மூன்று கேமராக்களிலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அது திறந்து மூடும்போது முழுப் படமும் ஒன்றாகத் தெரிவதால் 1/1000-இலும் ஃப்ளாஷ் வேலை செய்யும். சூரியனை ஷட்டர் வேகத்தால் அடக்கிவிட்டு, முகத்தை ஒரு குட்டி ஃப்ளாஷால் நிரப்பலாம். ஜிஆர் 3-இல் மட்டும் உள்ளே ஃப்ளாஷ் கிடையாது, மேலே மாட்டிக்கொள்ள வேண்டும்.

அதோடு மூன்றிலும் லென்ஸுக்குள் கறுப்புக் கண்ணாடிபோல ஒளி குறைக்கும் வடிகட்டி உண்டு. ஜிஆர் 3-இல் ஒளி நாலில் ஒன்றாகும், ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பில் எட்டில் ஒன்று, எக்ஸ்100வி-யில் பதினாறில் ஒன்று. உச்சி வெயிலில் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுக்கத் திறந்துவைக்க இது உதவும்.

சத்தமே வராத ஷட்டர் இருக்காமே, அதையே எப்பவும் போட்டுக்கலாமா?

எக்ஸ்100வி-யில் இருக்கும் சத்தமில்லாத மின்னணு ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. எல்இடி விளக்கொளியில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும், வேகமாக ஓடும் பேருந்து சாய்ந்து தெரியும். லென்ஸுக்குள் இருக்கும் சாதாரண ஷட்டரின் சத்தமே மிக மெல்லியது. மண்டபத்தில் எனக்கு அதுவே போதும்.

இதைக் கேட்பவர்கள் பாதிப்பேர் தெரியாமல் படம் எடுப்பதற்காகக் கேட்கிறார்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன். கூட்டத்தை எடுத்தால் கேட்பதில்லை. ஒருவருடைய முகம் படத்தின் மையமாக வந்தால் எடுத்தபின் திரையைக் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழிக்கிறேன். காசிமேட்டில் ஒரு மீன்கார அக்கா அழிக்கச் சொன்னார், அழித்தேன். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டுத் தன் பையனோடு நின்று எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன்.

மெட்ராஸ் வெக்கைக்கும் தூசிக்கும் தாங்குமா?

கவனமாக இருந்தால் தாங்கும். ஆனால் சின்னக் கேமராக்களுக்குப் பெரிய ஆபத்து இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் வெளியே நீண்டு, அணைத்ததும் உள்ளே மடங்கும் எந்தக் கேமராவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசியும் போகும். லென்ஸ் கழலாது என்பதால் சென்சாரை நீங்களே துடைக்க முடியாது, உடம்பையே பிரிக்க வேண்டும். எனக்கு இது ஒருமுறை நடந்தது. பருத்திச் சட்டைப்பையில் உறையில்லாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன். பொங்கல் பயணத்தில் எடுத்த வானத்திலெல்லாம் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி. பழுதுபார்த்துக் கையில் வர ஐந்து வாரம் ஆயிற்று. அதன்பின் பஞ்சு உதிராத மெல்லிய உறை ஒன்று தைத்து, அதற்குள்தான் வைக்கிறேன். எக்ஸ்100-இல் லென்ஸ் வெளியே நீளாததால் இந்தத் தொல்லை குறைவு. எக்ஸ்100வி-யில் முன்னால் வளையமும் வடிகட்டிக் கண்ணாடியும் மாட்டினால் தூறலையும் தாங்கும்.

ஈரப்பதம் இன்னொரு பகை. பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அரிசி டப்பாவில் போடாதீர்கள், அரிசியின் மாவுத்தூள் உள்ளே போகும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். இருபது நிமிடம் பைக்குள்ளேயே சூடேறட்டும், இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்கணும்?

வாங்கலாம். என் எக்ஸ்100வி அப்படி வந்ததுதான். அதைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சமூக ஊடகங்களில் அதற்குத் திடீரென்று பெரும் மவுசு வந்து, புதிது கிடைக்காமல், பழையது புதிதைவிட அதிக விலைக்குப் போனது. அந்த மாதிரி நேரத்தில் பொறுத்திருங்கள். 2024-இல் எக்ஸ்100-6 வந்தது, 40 மெகாபிக்சலும் கை நடுக்கத்தைத் தாங்கும் அமைப்புமாக.

நேரில் பார்க்கும்போது முதல் வேலை: அபெர்ச்சரை எஃப்/11 அல்லது எஃப்/16-க்கு மூடி வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே சொன்ன தூசிப் புள்ளி இருந்தால் அதில் தெரிந்துவிடும். அடுத்து, லென்ஸுக்குள் போன் டார்ச் அடித்துப் பூஞ்சை இழைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து முறை அணைத்துப் போட்டு லென்ஸ் தயங்காமல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பின்பக்கச் சக்கரத்தைச் சுழற்றினால் எண்கள் தாவாமல் வரிசையாக மாற வேண்டும். பில்லும் வாரண்டி அட்டையும் இந்தியாவுக்கானவையா என்று பாருங்கள், வெளிநாட்டு வாரண்டி இங்கே பல சமயம் செல்லாது.

என்கிட்ட டிஎஸ்எல்ஆர் இருக்குண்ணா. அதை வித்துட்டு இதுக்கு வந்துடலாமா?

ஆறு மாதம் இரண்டையும் வைத்திருங்கள். நான் அவசரப்பட்டு என் டிஎஸ்எல்ஆர் கேமராவையும் 70-200 மி.மீ. லென்ஸையும் சேர்த்து விற்றேன். மூன்று வருடம் அதன் நினைவே வரவில்லை. அப்புறம் மகளின் அரங்கேற்றம் வந்தது. சபா அரங்கில் பதினைந்தாவது வரிசையிலிருந்து அவள் கண்ணசைவை எடுக்க என் மூன்று கேமராக்களில் எதற்கும் எட்டவில்லை. நண்பர் ஒருவர் தன்னுடைய கேமராவையும் நீள லென்ஸையும் கொடுத்து உதவினார், மேடைப் படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை.

ஆனால் திரைக்குப் பின்னால், சலங்கை கட்டுவதற்கு முன், அவள் அம்மா ஜடையில் கடைசி ஊசியைச் செருகிக்கொண்டிருந்தபோது அந்த ஒடுங்கிய ஒப்பனை அறையில் பெரிய கேமராவைத் தூக்கக்கூட இடமில்லை. ஜிஆர் பையில் இருந்தது. ஸ்நாப் 1 மீட்டர், எஃப்/2.8, 1/125. மேடையில் எடுத்த நானூற்றுச் சொச்சம் படங்களில் முப்பதை ஆல்பத்தில் வைத்தோம். ஒப்பனை அறையில் எடுத்தது மூன்றுதான், மூன்றையும் வைத்தோம்.